மூன்று நாள் பிந்திய திதி

நித்திரை கொள்ளுகிற ஆளைக் கண்டால் அவரால் பேசாமல் கடந்து போக முடியாது. கிட்டப் போய்த் தொட்டு அசைத்துப் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

எங்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறைக்கு அவர் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் முன்னறைச் சோபாவில் கண்ணயர்ந்து போனேன். யாரோ என் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டுவது தெரிந்தது. திடுக்கிட்டு எழும்பினால், புதிதாக வந்த மனிதர் என் கால்மாட்டில் குந்திக்கொண்டு இருக்கிறார்.

"என்ன தம்பி, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை. நித்திரையோ?"

"ஓம்."

"அப்ப சரி. படுங்கோ."

எழும்பிப் போய்விட்டார். நான் விழித்தது விழித்ததுதான். அன்றைக்கு அதற்குமேல் நித்திரை வரவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் காலமாகிவிட்டார். ஆனால் அவரோடு ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களுடைய குடும்பங்கள் லண்டனிலும் இருக்கின்றன, கனடாவிலும் இருக்கின்றன. அவரை அடைத்து வைத்தது எந்தத் தரப்பு என்பதையும் எழுதப்போவதில்லை. எங்கள் நாட்டுச் சண்டையில் ஆயுதம் வைத்திருந்த எல்லாரிடமும் சிறை இருந்தது. எல்லாச் சிறையிலும் வயிற்றோட்டம் இருந்தது. அது போதும்.

நான் சொல்வது இரண்டாயிரங்களின் தொடக்கம். ஊரில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருந்தோம். நான் பாண் சுடுகிற பேக்டரியில் காலை ஷிப்ட். மனைவி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில். பிள்ளைகள் இரண்டும் சின்னது. மேல்மாடிப் பெரிய அறையில் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்யும் இரண்டு பெடியள் இருந்தார்கள். பக்கத்துச் சின்ன அறை அவருக்கு. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. மேல்வரிசையில் பற்கள் குறைவு. அதிகாலையில், உத்தியோகத்தர் வரமுன், கந்தோர்கள் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்ப் பதினொரு மணிக்கு வீடு வந்துவிடுவார்.

இரவு வேலைக்காரர்கள் ஆழ்ந்த நித்திரையில் இருப்பது பதினொரு மணிக்குத்தான்.

"அண்ணை, இந்த அலாரத்தை எங்கையாவது கழட்டி வையுங்கோ," என்று பெடியளில் பெரியவன் ஒருநாள் குசினிக்குள் வந்து முறையிட்டான். "காலமை ஏழரைக்கு வந்து படுக்கிறன். பதினொண்டுக்குக் காலிலை பிடிச்சு ஆட்டுது. என்னெண்டு கேட்டால், ஒண்டுமில்லை, படும் எண்டுது. படுத்துக் கிடக்கிறவனை எழுப்பிப் படு எண்டு சொல்லுற ஆளை நான் இங்கைதான் கண்டனான்."

"கதவைப் பூட்டிப்போட்டுப் படுங்கோவன்," என்றாள் என் மனைவி.

"பூட்டினால் தட்டுறார் அக்கா. ஆர் எண்டு கேட்கும் மட்டும் தட்டுறார்."

இளையவனுக்கு எல்லாம் பகிடி. "போன கிழமை நான் செத்தமாதிரிக் கிடந்து பார்த்தனான்," என்றான். "ஒருக்கால் ஆட்டினார். அசையேல்லை. ரெண்டாந்தரம் ஆட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தன். மனுசன் என்ரை நெஞ்சிலை காதை வைச்சுக்கொண்டு அழத் தொடங்கிட்டுது."

சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்கினான். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. நாங்களும் சிரிக்கவில்லை.

"பிறகு என்ன செய்தனி?" என்று கேட்டேன்.

"எழும்பிப் பேசினன் அண்ணை. வாய்க்கு வந்தபடி பேசினன். அவர் கண்ணைத் துடைச்சுப்போட்டு, இன்னும் பேசும் தம்பி எண்டார்."

அது உண்மை. நித்திரையில் இருந்து எழுப்பப்பட்டவன் எரிந்து விழுந்தால் அவருக்கு ஒரு சந்தோஷம். ஒருமுறை அவருடைய விசா அலுவலாக லோயரைப் பார்க்க இரண்டு பேரும் டிஸ்ட்ரிக்ட் லைனில் போனோம். எதிர்ச் சீட்டில் கட்டட வேலைக்காரன் ஒருவன், சப்பாத்து முழுக்கச் சீமெந்து, வாயைத் திறந்தபடி தலை தொங்க நித்திரை. நான் இவருடைய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மைல் எண்ட் வரைக்கும் பொறுத்துக்கொண்டார். அதற்குமேல் ஏலவில்லை. குனிந்து அவனுடைய முழங்காலைத் தொட்டு ஆட்டினார். அவன் எழும்பி ஏசிய ஏச்சு! பதினைந்து வருடம் பேக்டரியில் வேலை செய்த எனக்கே அதில் இரண்டு சொல் புதிது. சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. எனக்கு வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

இவர் முகத்தில் சிரிப்பு. "நல்ல சத்தம் இருக்கு அண்ணை அவனுக்கு," என்றார்.

இந்த மனிதருக்கு ஏதோ கழன்று போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். வேறு இடம் பார்க்கச் சொல்லலாமோ என்றுகூட மனைவியோடு கதைத்தேன். அந்த நேரத்தில்தான் என் சின்ன மகளுக்கு வருத்தம் வந்தது. நாலு வயது. பள்ளிக்கூடத்தில் பரவிய வயிற்றோட்டமும் சத்தியும். டொக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் கொடுங்கள், இரண்டு நாளில் நிற்கும் என்றார்.

இவர் அதை நம்பவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பிள்ளையின் கட்டிலடியில் நிலத்தில் இருந்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்து, தேக்கரண்டியால், ஒரு கரண்டி, பிறகு கொஞ்சம் பொறுத்து ஒரு கரண்டி. சத்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு கரண்டி. பிள்ளையின் அழுக்குத் துணியைத் தானே கொண்டுபோய் கொதிதண்ணீரில் அலசினார். என் மனைவி பறித்தாலும் விடவில்லை.

"அக்கா, வெளியாலை போற அளவுக்கு உள்ளுக்கும் போகவேணும். இல்லாட்டில் கண் உள்ளுக்குப் போகும். தோலை நுள்ளினால் நுள்ளினபடி நிக்கும். பிறகு பேச்சு நிண்டுபோம். பேச்சு நிண்டால் முடிஞ்சுது."

"தம்பி, நீங்கள் ஊரிலை ஆஸ்பத்திரியிலை வேலை செய்தனீங்களோ?"

"இல்லையக்கா. பக்கத்துப் பாயிலை கிடந்து பார்த்தனான்."

அப்போதுதான் எங்களுக்கு அவர் சிறையில் இருந்தது தெரியவந்தது. சண்டையில் பிடிபட்டு, இரண்டு வருடத்துக்கு மேல். அதற்குமேல் அன்றைக்கு அவர் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சுகம் வந்தது. முருகன் காப்பாற்றினான் என்று நான் சொல்வேன். என் மனைவி இவரையும் சேர்த்துச் சொல்லுவாள். வேறு இடம் பார்க்கச் சொல்லும் கதையை நாங்கள் பிறகு எடுக்கவில்லை.

நான் அதிகம் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு நிறுத்தினேன். ஆனால் பஞ்சாங்கம் பார்க்க என் தகப்பனாரிடம் பழகியவன். எங்கள் கோயிலில், அது முந்தி ஒரு வெள்ளைக்காரத் தேவாலயத்து மண்டபமாக இருந்தது, லீவு நாட்களில் போய்த் தொண்டு செய்வேன். குறிப்பாகத் திதி கொடுக்க வருகிறவர்களுக்கு. இறந்த திகதியைச் சொன்னால், பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, அதாவது வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். அவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் அதே திதியில் வந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிண்டம் வைப்பார்கள். சண்டையில் போனவர்களுக்குத் திதி கண்டுபிடிப்பது பெரிய பாடு. எங்கே செத்தான், எப்போது செத்தான் என்று தெரியாமல் ஆடி அமாவாசையில் பொதுவாகக் கொடுப்பவர்கள்தான் கூட. கையில் ஒரு கடிதம், அதில் ஒரு திகதி இருந்தால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நாங்கள் நினைப்போம்.

அப்படிக் கடிதம் வைத்திருந்தவர்களில் ஒரு பெண் டூட்டிங்கில் இருந்து வருவா. புருஷன் சிறையில் வயிற்று நோயால் இன்ன திகதி மரணம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. நான்தான் பஞ்சாங்கம் பார்த்து ஆவணி மாதம், பூர்வபக்கப் பிரதமை என்று குறித்துக் கொடுத்தேன். அவ ஜெர்மனியில் இருந்து லண்டன் வந்த நாளில் இருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. மகனைக் கொண்டு செய்விப்பா. சமைத்துக்கொண்டு வந்து கோயிலில் இருக்கிற எல்லாருக்கும் போடுவா.

அந்த வருடம் ஆவணியில், மண்டபம் கழுவ ஆள் காணாது என்று இவரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இவர் வாளியும் தும்புத்தடியுமாக நிற்கிறார். அங்கே ஐயர் அவவின் புருஷனுக்குத் திதி செய்கிறார். இறந்தவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் ஐயர் சத்தமாகச் சொன்னார். இவருடைய கையில் இருந்த வாளி கீழே போனது. தண்ணீர் மண்டபம் முழுக்க ஓடியது.

"என்ன தம்பி, கவனமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டு துடைக்கப் போனேன்.

அவர் என்னைப் பிடித்துச் சுவரோரம் கொண்டுபோனார். "அண்ணை, இண்டைக்கு என்ன திதி?"

"பிரதமை."

"திதி பிழையெண்டால் என்ன நடக்கும்? ஆள் செத்தது ஒரு நாள், குடுக்கிறது இன்னொரு நாள் எண்டால்?"

எனக்கோ ஈரம் துடைக்கிற அவசரம். அதோடு, கோயிலில் நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு தடிப்பும் என்னிடம் அந்தக் காலத்தில் இருந்தது. "அப்பிடியெண்டால் போய்ச் சேராது தம்பி," என்று சொல்லிவிட்டேன். "அந்த ஆத்மா வந்து பார்த்துப்போட்டுப் பசியோடை திரும்பிப் போகும்."

முருகன் என்னை மன்னிக்கவேண்டும். யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பின்வளவில் உடுப்புக் காயவிடும் கம்பிக்குக் கீழே இருந்தவரிடம் நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன். சொன்னார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல் சொன்னார்.

அடைத்து வைத்த இடம் ஒரு பழைய நெல்லுக் களஞ்சியம். கால் நீட்டிப் படுக்க முடியாத நெருக்கம். ஒரு கிணறு. கிணற்றுக்குக் கிட்டவே மலகூடக் குழி. மழை பெய்து குழி நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் படுத்தார்கள். முதலில் வயிற்றோட்டம், பிறகு இரத்தம் போனது, பிறகு நெருப்புக் காய்ச்சல். மருந்து இல்லை. சிரங்கு, பேன். சிலருக்குக் கால் வீங்கியது, சிலருக்கு உடம்பே வற்றியது. காவல்காரர் நோய்க்குப் பயந்து உள்ளே வரமாட்டார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று தலையை எண்ணுவார்கள். எத்தனை தலையோ அத்தனை பேணி கஞ்சி. நாளுக்கு ஒருதரம், மத்தியானம்.

"ஒருத்தன் செத்தால் உடனை சொல்லமாட்டம் அண்ணை. சொன்னால் ஒரு பேணி குறைஞ்சுபோம். பக்கத்துப் பாய்க்காரன் செத்தவனைப் போர்த்தி வைச்சிருப்பான். தலை எண்ணேக்கை அவன்ரை கையைத் தூக்கிக் காட்டவேணும். காய்ச்சல், எழும்பமாட்டான் எண்டு சொல்லவேணும். மணக்கும் மட்டும் வைச்சிருக்கலாம். அந்தக் கஞ்சி பக்கத்துப் பாய்க்காரனுக்கு. அது அங்கை ஒரு சட்டம்."

"அந்த டூட்டிங் பிள்ளையின்ரை புருஷன்…"

"என்ரை பக்கத்துப் பாய்."

நான் என் தேத்தண்ணிக் கோப்பையைப் புல்லில் வைத்தேன்.

"மூண்டு நாள் வைச்சிருந்தனான் அண்ணை. நாலாம் நாள்தான் சொன்னது. அவங்கள் எழுதினது அந்த நாலாம் நாளைத்தான்."

"செத்தது என்ன நாள் எண்டு தெரியுமோ?"

"பிரதோஷம். எங்களோடை ஒரு விரதக்காரன் இருந்தவன். அந்தக் கிடையிலையும் பிரதோஷத்துக்கு மத்தியானக் கஞ்சி தொடமாட்டான். அண்டைக்குத் தன்ரை கஞ்சியை எனக்குத்தான் தந்தவன். அண்டைக்கு எனக்கு மூண்டு பேணி அண்ணை. ஒண்டு என்ரை. ஒண்டு விரதக்காரன் தந்தது. மற்றது செத்தவர் தந்தது."

உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். கடிதத்தில் இருந்த திகதி பிரதமை. முந்திய நாள் அமாவாசை, அதற்கு முதல் சதுர்த்தசி, அதற்கு முதல் திரயோதசி, பிரதோஷம். சரியாக வந்தது. அபரபக்கத்தில் செத்தவருக்குப் பூர்வபக்கத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்கமே மாறிப்போனது. குறித்துக் கொடுத்தது என் கை.

"அவவுக்குச் சொல்லவேணும் அண்ணை," என்றார். "கூட்டிக்கொண்டு போங்கோ. தனியப் போக எனக்குப் பயமாயிருக்கு."

அடுத்த சனிக்கிழமை டூட்டிங் போனோம். பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு பிளாட். முன்னறை முழுக்கத் துணி. அவ சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவ. மெசினில் பாதி தைத்த கை இருந்தது.

"வாங்கோ அண்ணை, என்ன திடீரெண்டு? தேர் இழுக்க ஆள் பிடிக்க வெளிக்கிட்டியளோ? என்ரை மகனைக் கேளாதையுங்கோ. அவன் ரிமோட்டைத் தவிர ஒண்டும் தூக்கான்."

சிரித்தபடி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. மகன் வீட்டில் இல்லை. சுவரில் புருஷனின் படம். இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்வளவு மொத்தமாயோ இருந்தவர்?" என்று கேட்டார்.

"கலியாணத்துக்குப் பிறகு வைச்ச உடம்பு," என்றா அவ. பிறகுதான் அந்தக் கேள்வி அவவுக்கு விளங்கியது. கோப்பையைக் கீழே வைத்தா. "தம்பி, நீங்கள் ஆர்?"

இவர் சொன்னார். களஞ்சியம், பக்கத்துப் பாய், மூன்று நாள், கஞ்சி. ஒன்றையும் மறைக்கவில்லை. நான் இடையில் புகுந்து திதிக் கணக்கைச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டு இருந்தா. கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"அப்ப இவ்வளவு வருசமும் நான் குடுத்தது ஆருக்கு அண்ணை?" என்று என்னைக் கேட்டா. "அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ?"

"சேர்ந்தது தங்கச்சி," என்றேன். "மனசாலை குடுத்தது சேராமல் எங்கை போகும்?"

இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அவ இவரிடம் திரும்பிச் சொன்னா: "பசி தம்பி. பசிக்கு என்ன செய்யிறது? நீங்கள் முதல்லை போயிருந்தால் அவரும் உங்கடை கஞ்சியைக் குடிச்சிருப்பார். குடிச்சு உயிரோடை வந்திருந்தால் நான் அவரைப் பிழை சொல்லியிருப்பனோ?"

பெரிய மனம். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இனி எழும்பலாம் என்று நினைத்தேன்.

"நித்திரையிலையோ போனவர்?" என்று அவ கேட்டா.

"ஓமக்கா. விடியப்புறம்."

"எப்பிடித் தெரியும்?"

"அசைச்சுப் பார்த்தனான். மூண்டுதரம்."

அவ இரண்டு கையையும் கூப்பினா. "நீங்கள் நல்லாயிருப்பியள் தம்பி. அவர் அநாதையாய்ப் போயிட்டார், ஒரு கை அவரிலை படேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். நீங்கள் பக்கத்திலை இருந்து அசைச்சாவது பார்த்தியள். அது போதும் எனக்கு."

கூப்பிய கையை அவ இறக்கவில்லை. நான் இவருடைய முழங்காலைத் தட்டினேன், போவம் என்று. இவர் எழும்பவில்லை.

"அக்கா, கையை எடுங்கோ," என்றார். "உயிர் இருக்கோ எண்டு நான் பார்க்கேல்லை."

"பிறகு?"

"போயிட்டுதோ எண்டு பார்த்தனான்."

கீழே தெருவில் பஸ் ஒன்று நின்று புறப்பட்டுப் போனது.

"முதல் ரெண்டுதரமும் அவர் கண்ணைத் திறந்தவர். என்னைப் பார்த்தவர். நான் ஏன் அசைக்கிறன் எண்டு அவருக்கு விளங்கினது. ரெண்டாந்தரம் பார்த்துப்போட்டு, இன்னும் கொஞ்சம் பொறும் எண்டார். மூண்டாந்தரம் திறக்கேல்லை. எனக்கு அப்ப துக்கம் வரேல்லையக்கா. மத்தியானக் கஞ்சிதான் நினைவு வந்தது."

அவவின் கை தானாகக் கீழே வந்தது. பிறகு எழும்பிச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தா, இவரைப் பாராமல்.

"வாற வருசம் அந்தத் திரயோதசி எப்ப வருகுது எண்டு இதிலை எழுதி விடுங்கோ அண்ணை."

அந்தக் கலண்டர் அந்த வருடத்தோடு முடிகிறது. அதை எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. பின்பக்க வெள்ளை மட்டையில், 'ஆவணி, அபரபக்கத் திரயோதசி' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இனி வெளிக்கிடுங்கோ," என்றா. தேத்தண்ணி மூன்று கோப்பையிலும் அப்படியே இருந்தது.

நோர்தேர்ன் லைனில் திரும்பி வரும்போது எனக்குக் கோபம். "கடைசியாய்ச் சொன்னதை ஏன் தம்பி சொன்னீர்? அவ மன்னிச்சிட்டா. அதோடை விட்டிருக்கலாம்தானே? அவவுக்கு இருந்த ஒரு ஆறுதலையும் பறிச்சுப்போட்டீர்."

"கும்பிட்டவ அண்ணை."

"கும்பிட்டால்?"

"அந்தக் கும்பிடு செத்தவருக்குரியது. அதையும் நான் எடுக்கேலுமோ?"

அவர் செய்தது சரியா பிழையா என்று நான் சுவாமிக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் பிழை என்று தோன்றும். அவருடைய முகத்தை நினைத்தால் வேறு வழியில்லை என்று தோன்றும். சிறையில் செத்தவர்களை நினைத்துத் திதி கொடுக்கிற எத்தனை பேருக்கு இப்படி இரண்டு நாள், மூன்று நாள் பிந்திய திகதி கையில் இருக்கிறதோ, அதுவும் தெரியாது. அவர் ஒருவர்தான் வந்து சொன்னார்.

மறுவருடம் ஆவணித் திரயோதசி செப்டெம்பரில், ஒரு வேலை நாளில் வந்தது. நான் லீவு எடுத்துக் கோயிலுக்குப் போனேன். அவ வருவாவோ மாட்டாவோ என்று எனக்கு நிச்சயம் இல்லை. வந்தா. மகன் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். திதி நடந்தது. ஐயர் பெயரையும் ஊரையும் சொன்னார். மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிண்டம் வைத்தான். அவ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா. முந்திய வருடங்களில் அழுவா, அன்றைக்கு அழவில்லை.

எல்லாருக்கும் சோறு போட்டு முடிந்த பிறகு கதவடிக்குப் போனவ அப்படியே நின்றா. நானும் போய்ப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில், அவர் நிற்கிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைத் தானே தேடி வைத்திருக்கிறார். உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. காலையில் இருந்தே நின்றிருக்க வேண்டும்.

அவ உள்ளே போய் ஒரு பெட்டியில் சோறும் கறியும் போட்டு மூடிக்கொண்டு வந்தா.

"அந்தாளுக்குக் குடுங்கோ அண்ணை. பசி தாங்காத ஆள்."

அது இரக்கமா, கன்னத்தில் அடித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவவுக்கே தெரிந்திருக்குமோ தெரியாது.

தெருவைக் கடந்து போனேன். "அக்கா தந்து விட்டவ," என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

அவர் வாங்கினார். மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். ஆவி பறந்தது.

"கத்தரிக்காய்ப் பால்கறி," என்றார். "இதைப் பற்றித்தான் அவர் நெடுகக் கதைக்கிறவர். உப்பு எவ்வளவு, பால் எப்ப விடுறது எல்லாம் சொல்லுவார். நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு கிடப்பம்."

"சாப்பிடுங்கோ தம்பி. இரண்டு கரண்டி எண்டாலும். மழையிலை நிண்டனீங்கள்."

அவர் மூடியை அழுத்தி மூடி, பெட்டியை இரண்டு கையாலும் என்னிடமே நீட்டினார்.

"இல்லை அண்ணை. இண்டைக்கு அவர் சாப்பிடட்டும்."